மெக்ஸிகோ ரொட்டிக் கடையில் தட்டும் இடுக்கியும்: எதை எடுப்பது, எப்போது போவது, எதில் பன்றிக்கொழுப்பு?

வட்டத்தட்டு

டெக்சஸில் சான் அன்டோனியோ, ஹூஸ்டன் பக்கம் எங்கு திரும்பினாலும் ஒரு பனதெரீயா, அதாவது மெக்ஸிகோ ரொட்டிக் கடை, கண்ணில் படுகிறது. உள்ளே அலமாரி அலமாரியாக நாற்பது ஐம்பது வகை இருக்கும். பல கடைகளில் பெயர்ச்சீட்டு கிடையாது, இருந்தாலும் ஸ்பானிஷில்தான். தெரிந்தவர்கள் தெளிவாகச் சொன்னால் பலருக்கும் உதவும்.

எந்த நேரம் போனால் சூடாகக் கிடைக்கும்? சைவம் சாப்பிடுகிறவர்கள் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது? பார்த்த மாத்திரத்தில் நல்ல கடையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே சர்க்கரை ஓடு போட்ட வட்ட பன்னான கொன்ச்சாவை வீட்டில் செய்கிறவர்கள் இருந்தால் அளவோடு போடுங்கள்.

அடுப்புவாசம்

முதலில் முறை. வாசலுக்குப் பக்கத்தில் தாம்பாளம் போல வட்டமான உலோகத் தட்டுகளும் இடுக்கிகளும் அடுக்கியிருக்கும். தட்டுக்கு சரோலா, இடுக்கிக்கு பின்ஸாஸ் என்று பெயர். ஒரு கையில் தட்டு, மறு கையில் இடுக்கி. வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போக வேண்டும். அங்கே எண்ணிப் பார்த்துக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். கணக்கெல்லாம் உருப்படிக்குத்தான், எடைக்கு இல்லை. இடுக்கியால் தொட்டதைத் திரும்ப அலமாரியில் வைக்காதீர்கள். எடுத்தால் எடுத்ததுதான்.

கொன்ச்சாவை மேலே பிடித்துத் தூக்கினால் சர்க்கரை ஓடு நொறுங்கிவிடும். பக்கவாட்டில், அடிப்பாகத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கிரீம் வைத்ததையும் ஜாம் தடவியதையும் தட்டின் ஓரத்தில் தனியாக வையுங்கள். எல்லாம் ஒரே பைக்குள் போனால் வீடு சேர்வதற்குள் பிசைந்த கூழாகிவிடும். கேட்டால் அட்டைப் பெட்டி தருவார்கள்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். மெக்ஸிகோவில் ரொட்டி இரண்டு வேளை அடுப்பிலிருந்து இறங்கும், விடியற்காலை ஒன்று, மாலை ஒன்று. மாலை ஐந்து மணிக்கு மேல் இரவு எட்டு வரை கடை நிறையக் கூட்டம் இருக்கும், ஏனென்றால் அங்கே இரவுச் சாப்பாடே பலருக்கு ஒரு இனிப்பு ரொட்டியும் பாலோ சாக்லேட்டோ காபியோதான். டெக்சஸில் காலைதான் முக்கியம். ஏழு மணிக்குள் போனால் எல்லா வகையும் இருக்கும், ஞாயிறு பத்து மணிக்கு மேல் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். கல்லாவில் "ஆ கே ஓரா சாலே எல் பான்?" என்று கேளுங்கள். ரொட்டி எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று அர்த்தம். நேரம் சொல்ல முடியாத கடை என்றால் ரொட்டி வேறு எங்கிருந்தோ வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பசுநெய்

சைவக் கேள்விக்கு வருகிறேன். இதில் ஏமாற வைப்பது ஒரே ஒரு சொல்தான். மன்தேகீயா என்றால் வெண்ணெய். மன்தேகா என்றால் கொழுப்பு, அதைத் தனியாகச் சொன்னால் பன்றிக்கொழுப்பு என்றே கொள்ள வேண்டும். மன்தேகா வெஹெதால் என்றால்தான் நம்ம ஊர் டால்டா மாதிரியான தாவரக் கொழுப்பு. காதில் இரண்டும் ஒன்றுபோல விழும். "வெண்ணெய்தானே?" என்று கேட்டுவிட்டு "மன்தேகா" என்ற பதிலுக்குத் தலையாட்டி வாங்கிப் போகிறவர்கள் நிறைய.

கேட்க வேண்டிய கேள்வி: "யேவா மன்தேகா தெ ஸேர்தோ?" பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று நேராகக் கேட்பது இது. முட்டைக்கு "யேவா உவேவோ?"

பொதுவாக எதிர்பார்க்கக்கூடியது இது. பொலீயோ, தெலேரா இரண்டும் முட்டையில்லாத சாப்பாட்டு ரொட்டி, ஆனால் மாவில் கொஞ்சம் கொழுப்பு போடுவார்கள், அது பன்றிக்கொழுப்பாகவும் இருக்கலாம். ஒரேஹா என்பது காது வடிவ பஃப்ஸ், மாவும் கொழுப்பும் சர்க்கரையும்தான், பெரும்பாலும் முட்டை இருக்காது. கொன்ச்சாவில் முட்டை உண்டு. எம்பனாதா என்பது நம்ம சோமாசி வடிவத்தில் பூசணி, அன்னாசி, கொய்யா, சர்க்கரைவள்ளி வைத்தது. உள்ளே இருப்பது சைவம் என்றாலும் மேல்மாவில் பன்றிக்கொழுப்பு இருக்க நல்ல வாய்ப்பு, பளபளப்புக்கு மேலே முட்டையும் தடவியிருப்பார்கள். பொல்வொரோன், ஒஹராஸ்கா போன்ற உதிரும் பிஸ்கட்டுகளில் பன்றிக்கொழுப்பு மரபாகவே சேர்வது, கேட்காமல் எடுக்காதீர்கள். மொல்யேத்தே வாங்கினால் ரொட்டியை மட்டும் பார்த்தால் போதாது, மேலே தடவும் பீன்ஸும் பன்றிக்கொழுப்பில் வதக்கியதாக இருக்கும். வார இறுதியில் அதே கடையில் விற்கும் தமாலேயிலும், அதாவது மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டையிலும், அதுதான்.

மைதாமேஸ்திரி

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். "ஷார்ட்டனிங்" என்று பதில் வந்தால் தாவரம் என்று முடிவு கட்டாதீர்கள். பேக்கரிகளுக்கு மொத்தமாக வரும் கொழுப்பில் மாட்டுக்கொழுப்பு கலந்த வகையும் உண்டு, பஃப்ஸ் மாவுக்கு மடித்து உருட்டும் கொழுப்பில் குறிப்பாக. கண்டிப்பாகத் தெரிய வேண்டும் என்கிறவர்கள் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் கேட்டால் சின்னக் கடைக்காரர்கள் உள்ளே போய் எடுத்துவந்தே காட்டுவார்கள்.

அமெரிக்காவில் பாக்கெட் போட்டு விற்பதற்கு உட்பொருள் பட்டியல் கட்டாயம், அதில் லார்ட் என்று இருந்தால் பன்றிக்கொழுப்பு. இடுக்கியில் எடுக்கும் திறந்த ரொட்டிக்கு அந்தச் சீட்டு இருக்காது. ஒவ்வாமை எச்சரிக்கைப் பலகையை மட்டும் நம்பவும் கூடாது. அதில் முட்டை, பால், கோதுமை, சோயா, கொட்டைகள், 2023 முதல் எள்ளும் வரும். பன்றிக்கொழுப்பு ஒவ்வாமைப் பொருள் இல்லை என்பதால் அதில் வரவே வராது.

இடுக்கியும் கவனம். இறைச்சி வைத்த எம்பனாதாவும் கொய்யா எம்பனாதாவும் அடுத்தடுத்த தட்டில் இருக்கும், எல்லோரும் ஒரே இடுக்கியால்தான் எடுப்பார்கள். இது உங்களுக்கு முக்கியம் என்றால் காலையில் முதல் ஆளாகப் போங்கள்.

கரும்புக்கட்டி

மேஸ்திரி, கொழுப்பைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை படித்தால் புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பன்றிக்கொழுப்புதான் பொல்வொரோனின் உயிரே. வெண்ணெயில் செய்தால் ருசி வரும், ஆனால் வாயில் வைத்ததும் மணல் போலக் கரையும் அந்தப் பதம் வராது.

மைதாமேஸ்திரி

சரிதான், மறுக்கவில்லை. காரணம் வெண்ணெயில் உள்ள தண்ணீர். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், பன்றிக்கொழுப்பில் தண்ணீரே இல்லை. தண்ணீர் சேர்ந்தால் மைதாவில் பசைத்தன்மை எழும், பிஸ்கட் உதிராமல் கடினமாகும். சைவத்தில் அதே பதம் வேண்டும் என்றால் உருக்கி ஆறவைத்து உறைந்த நெய்யே சரியான மாற்று, தண்ணீர் போய்விட்டதால். 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய் போதும். நானகத்தான் பிசைந்து பழகிய கைக்கு அந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கொன்ச்சாவுக்கு இந்த வாதம் பொருந்தாது. கொன்ச்சா மாவுக்கு வெண்ணெய்தான் மணம். மேல் ஓட்டுக்கு மட்டும் டால்டா வகை நல்லது. ஏன் என்று கீழே அளவு போடும்போது சொல்கிறேன்.

நாட்டுரொட்டி

பெயர்ச்சீட்டு இல்லாவிட்டாலும் கண்ணாலேயே அடையாளம் காணலாம். மெக்ஸிகோ ரொட்டிக்காரர்கள் பெயர் வைத்ததே வடிவத்தைப் பார்த்துத்தான்.

கொன்ச்சா என்றால் சிப்பி. வட்டமான பன், மேலே சிப்பி வரிகள் கீறிய சர்க்கரை ஓடு, வெள்ளை, பழுப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில். இளஞ்சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பெரும்பாலும் நிறம் மட்டும்தான் வேறு. பழுப்பில் கோகோ உண்டு. அதே பன்னின் மேல் பழுப்புச் சர்க்கரைத் துகள் தூவியிருந்தால் சிலிந்த்ரீனா. குவெர்னோ கொம்பு. பிகோத்தே மீசை. பேஸோ முத்தம், இரண்டு அரைக்கோளத்தை ஜாமால் ஒட்டி வெண்ணெய் தடவிச் சர்க்கரையில் புரட்டியது. ஓஹோ தெ புவெய் காளைக்கண், வெளியே மொறுமொறு வளையம், நடுவில் மெத்தென்ற கேக். கம்பெச்சானா பல அடுக்காக, மேலே சர்க்கரை கண்ணாடி போலப் பளபளக்கும், கடித்தால் உதிர்ந்து சட்டையெல்லாம் ஆகும். மர்ரானீத்தோ பன்றிக்குட்டி வடிவம், பெயரைக் கேட்டு ஒதுக்காதீர்கள், வடிவம்தான் பன்றி, ருசி வெல்லம். கரிபால்தி சின்ன கேக், பாதாமி ஜாம் பூசி வெள்ளைச் சர்க்கரை மணியில் உருட்டியது, மெக்ஸிகோ நகரத்து எல் குளோபோ கடையோடு சேர்த்தே பேசப்படும் பண்டம்.

பூதீன் என்று கனமான பழுப்புத் துண்டு ஒன்று இருக்கும். விற்காத பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் செய்வது. நல்ல கடையில் அருமையாக இருக்கும். திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக் கடை பிடித்த பிறகு வாங்குங்கள்.

அடுப்புவாசம்

கடையின் தரம் பார்க்க இனிப்பு வகைக்குப் போகாதீர்கள். பொலீயோ ஒன்றை எடுங்கள். அதில் மறைக்க எதுவும் இல்லை: மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். நெசவு நாடா போல இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் ஒரு கீறல் விரிந்திருக்கும். காது அருகே வைத்து லேசாக அழுத்துங்கள். மேல்தோல் சரசரவென்று உடைய வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்குக் கனம் குறைவாக இருக்க வேண்டும். அடியில் விரலால் தட்டினால் வெற்றுப் பானை ஒலி. கீறல் விரியாமல் மூடிக் கிடந்தால் ஒன்று மாவு அளவுக்கு மீறிப் பொங்கிவிட்டது, அல்லது அடுப்பில் முதல் சில நிமிடம் நீராவி போதவில்லை. தோல் ரப்பர் மாதிரி வளைந்தால் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டார்கள்.

தெலேரா அதே குடும்பம். தட்டையாக, மேலே இரண்டு பள்ளம் அழுத்தியிருக்கும், தோல் மெலிது. தோர்த்தா என்ற மெக்ஸிகோ சாண்ட்விச்சுக்கு இதுதான். குவதலஹாராவில் பிரோத்தே சலாதோ என்று ஒன்று உண்டு, புளித்த மாவில் மெதுவாக எழுப்பி, தடித்த தோலோடு சுடுவது. அதில் செய்யும் தோர்த்தா அஹொகாதா என்ற சாண்ட்விச்சைத் தக்காளி மிளகாய்ச் சாற்றில் முழுக்காட்டுவார்கள். அந்தத் தோல் இல்லாவிட்டால் ரொட்டி தட்டிலேயே கரைந்துபோகும். டெக்சஸில் சாதாரண பொலீயோ வாங்கி அதைச் செய்கிறவர்கள் முதலில் ரொட்டியை 180 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் காயவைத்துக்கொள்ளுங்கள்.

அதிர்ச்சியில் இருப்பவருக்கு ஒரு பொலீயோ கொடுப்பது மெக்ஸிகோ வழக்கம். நிலநடுக்கம் வந்து போனாலும் "பயத்துக்கு ஒரு பொலீயோ" என்பார்கள். அந்த ரொட்டி அவர்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இதுவே போதும்.

சோகலோ

மெக்ஸிகோ நகரம் போகிறவர்களுக்கு. நகர மையத்தில் 1927இல் தொடங்கிய பஸ்தெலெரீயா இதேயால், செப்டம்பர் 16 தெருவில். கீழே ரொட்டி மலை, மாடியில் ஆள் உயரத்துக்கும் மேலான கல்யாணக் கேக்குகள் வரிசையாக நிற்கும், பார்க்கவே போகலாம். தகூபா தெருவில் லா வஸ்கோனியா, அதன் பெயரோடு 1870 என்ற ஆண்டும் சேர்ந்தே இருக்கும். ரோமா பகுதியில் பனதெரீயா ரொசெத்தா, எலேனா ரெய்காதாஸ் நடத்துவது. 2023இல் உலகின் சிறந்த பெண் சமையற்கலைஞர் விருது பெற்றவர் அவர். அங்கே கொய்யா ரோல்தான் பெயர் பெற்றது. காலையிலேயே போக வேண்டும், வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

மூன்றையும் ஒன்றாக எண்ண வேண்டாம். இதேயாலில் வகையும் மலிவும், ரொசெத்தாவில் வெண்ணெயும் நேர்த்தியும். இரண்டுக்கும் இடையில் பெயரே இல்லாத தெருமுனைக் கடை இருக்கிறதே, மாலை ஆறு மணிக்கு அங்கே கிடைக்கும் சூடான கொன்ச்சாவுக்கு இரண்டும் ஈடில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

வெளியூர் என்றால் வஹாகாவில் 20 நவம்பர் சந்தை. பான் தெ யேமா என்ற மஞ்சள்கரு ரொட்டியைக் கிண்ணத்துச் சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஹிதால்கோ மாநிலம் ரியால் தெல் மொன்தேயில் பாஸ்தே: 1820களில் வெள்ளிச் சுரங்கத்துக்கு வந்த கார்ன்வால் தொழிலாளர்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு இறைச்சிப் பண்டம், இப்போது மிளகாயோடு முழுக்க மெக்ஸிகோக்காரனாகிவிட்டது. புயெப்லாவில் எள் தூவிய செமீத்தா. சல்தீயோவில் கற்றாழைக் கள்ளால் பொங்கவைத்த பான் தெ புல்கே.

டெக்சஸ் கேட்டவருக்கு: சான் அன்டோனியோ மார்க்கெட் ஸ்கொயரில் மி தியேரா, 1941 முதல். உணவகத்தோடு சேர்ந்த ரொட்டிக் கண்ணாடிப் பெட்டி, ஆனால் அங்கே எடுத்துத் தருவது அவர்கள். ஹூஸ்டனில் ஏர்லைன் டிரைவ் காய்கறிச் சந்தைக்கு எதிரே எல் பொலீயோ, அங்கே தட்டும் இடுக்கியும் உண்டு.

கரும்புக்கட்டி

வரலாற்றில் ஒரு வரி. ஸ்பானியர்கள் வரும் முன் மெக்ஸிகோவில் கோதுமை கிடையாது, மக்காச்சோளம்தான். ஸ்பானியர்களோடு வந்த ஹுவான் கரீதோ என்ற ஆப்பிரிக்கர்தான் அங்கே முதலில் கோதுமை விதைத்தவர் என்று பதிவு உண்டு. பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மடிப்பு மாவும் வெண்ணெய்ப் பன்னும் வந்து கலந்தன. குவெர்னோவைப் பார்த்தால் குருவாசான் நினைவுக்கு வருவது அதனால்தான்.

வட்டத்தட்டு

அருமை, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரி, கொன்ச்சா அளவு பாக்கி.

மைதாமேஸ்திரி

பன்னிரண்டு கொன்ச்சாவுக்கு.

மாவு: மைதா 500 கிராம், சர்க்கரை 100 கிராம், உப்பு 6 கிராம், உடனடி ஈஸ்ட் 8 கிராம், வெதுவெதுப்பான பால் 170 மில்லி, முட்டை 2, மெத்தென்ற வெண்ணெய் 100 கிராம், வெனிலா ஒரு தேக்கரண்டி.

மேல் ஓடு: மைதா 100, தூள் சர்க்கரை 100, டால்டா வகைக் கொழுப்பு 100. மூன்றும் சம எடை, இதை மறக்கவே முடியாது. பாதியை எடுத்து ஒரு மேசைக்கரண்டி கோகோ சேர்த்தால் சாக்லேட் நிறம்.

வெண்ணெய் தவிர மற்றதைப் பிசைந்து, ஐந்து நிமிடம் கழித்து வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேருங்கள். கையால் என்றால் இருபது நிமிடம், இயந்திரத்தில் பத்து. முதலில் கையெல்லாம் ஒட்டும். மைதா தூவாதீர்கள், தூவினால் மறுநாள் கொன்ச்சா காய்ந்த பன் ஆகிவிடும். ஒரு துண்டை விரல்களுக்கு நடுவே விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவு மெல்லியதாக வர வேண்டும். மூடி வைத்து இரண்டு மடங்காகும் வரை விடுங்கள். ஈரமான வெயில் ஊரில் ஒரு மணி நேரம், குளிரில் இரண்டு. 80 கிராம் உருண்டைகளாக உருட்டி, இடம்விட்டுத் தட்டில் வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள்.

இனிதான் முக்கியம். உருண்டை மேல் கொழுப்பு தடவிய கையால் மெல்லத் தடவிவிடுங்கள். ஓட்டு மாவில் 25 கிராம் எடுத்துப் பூரி மாதிரி தட்டி மேலே போர்த்துங்கள். உடனே சிப்பி அச்சாலோ கத்தியாலோ வரி போடுங்கள், ஓட்டை மட்டும் வெட்ட வேண்டும், கீழ் மாவைத் தொடக்கூடாது. அச்சை ஒவ்வொரு முறையும் மைதாவில் தோய்க்க வேண்டும். அதற்குப் பிறகே இரண்டாவது பொங்கல், ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை. பொங்கும்போது வரிகள் தானாக விலகி உள்ளே மஞ்சள் மாவு தெரியும். 180 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம்.

ஓட்டுக்கு ஏன் டால்டா வகை என்றால், வெண்ணெய் 30 டிகிரி தாண்டினாலே இளகிவிடும், பொங்கும் இடத்திலேயே வழிந்து பன்னின் காலடியில் போய் நிற்கும். வெண்ணெய்தான் வேண்டும் என்றால் பொங்க வைக்கும் இடம் 26 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

முட்டையில்லாமல்: இரண்டு முட்டைக்கு 100 கிராம் புளிக்காத கெட்டித் தயிர், பால் 155 மில்லியாகக் குறையுங்கள். மஞ்சள் நிறம் குறையும், மென்மை குறையாது.

பசுநெய்

ஓடு பன்னில் ஒட்டாமல் சுட்டதும் தகடாகக் கழன்று வருவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள்.

மைதாமேஸ்திரி

உருண்டை மேல் தோல் காய்ந்திருக்கும். எல்லா உருண்டையும் உருட்டி முடித்துவிட்டு ஓடு தட்ட ஆரம்பித்தால் முதல் உருண்டை அதற்குள் காய்ந்துவிடும். ஓட்டு உருண்டைகளை முதலிலேயே பிரித்து வையுங்கள், அதன் பிறகு மாவைத் தொடுங்கள். கடையில் வாங்கும்போதும் இதைப் பார்க்கலாம். நல்ல கொன்ச்சாவில் ஓடு பொடியாக உதிரும், தகடாக உரியாது. உரிந்தால் நேற்றையது அல்லது காய்ந்த மாவு.

வரிகளே தெரியாமல் ஓடு முழுக்க வழவழப்பாகப் பரவினால் கொழுப்பு கூடிவிட்டது, மைதா ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். துண்டு துண்டாக வெடித்தால் கொழுப்பு குறைவு. பன் சுட்டதும் நடுவில் அமுங்கினால் இரண்டாவது பொங்கல் மிஞ்சிவிட்டது.

மெக்ஸிகோ நகரத்துச் சமையல் குறிப்பை அப்படியே பின்பற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, மாவு வேகமாகப் பொங்கும், அதனால் ஈஸ்ட் குறைத்தே எழுதியிருப்பார்கள். ஹூஸ்டனில் அதே ஈஸ்ட் அளவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவின் அளவைப் பாருங்கள்.

கரும்புக்கட்டி

மர்ரானீத்தோவையும் சேர்த்துவிடுகிறேன், நம் ஆட்களுக்கு இதுதான் எளிது. அதில் சேர்க்கும் பிலோன்ஸீயோ கூம்பு வடிவக் கரும்பு வெல்லம்தான். அச்சுவெல்லம் தாராளமாகப் போடலாம். அமெரிக்கக் கடைகளில் பல இடத்தில் மொலாசஸ் ஊற்றிச் செய்வார்கள், நிறம் கறுக்கும், லேசாகக் கசக்கும்.

வெல்லம் 250 கிராம், தண்ணீர் 120 மில்லி, பட்டை ஒரு துண்டு. கரைந்ததும் வடிகட்டி முழுக்க ஆறவிடுங்கள். வெண்ணெய் 120 கிராம், முட்டை ஒன்று, மைதா 450 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து ஒரு மணி நேரம் குளிரில் வைத்து, சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி வெட்டி, 175 டிகிரியில் 12 நிமிடம். பாகு சூடாக இருக்கும்போதே வெண்ணெயில் ஊற்றினால் வெண்ணெய் உருகி, பன்றிக்குட்டி அடுப்பில் கால் பரப்பிப் படுத்துவிடும். மெல்லியதாக உருட்டினால் பிஸ்கட் ஆகும். இது மெத்தென்றுதான் இருக்க வேண்டும்.

சோகலோ

பருவ ரொட்டிகளைச் சொல்லாமல் இழையை விடக்கூடாது. நவம்பர் 1, 2 இறந்தோர் நாளுக்கு பான் தெ முயெர்த்தோ. செப்டம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிடும். ஆரஞ்சுத் தோல் துருவல், சோம்பு, ஆரஞ்சுப்பூ நீர் வாசம். மேலே எலும்பு போல நான்கு கோடு, நடுவில் ஒரு உருண்டை. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் நாளுக்கு ரோஸ்கா தெ ரெயெஸ், நீள்வட்ட வளைய ரொட்டி. உள்ளே குட்டிப் பொம்மை மறைத்திருக்கும், யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே வைக்க வேண்டும். பெரிய ரோஸ்காவில் பல பொம்மை இருக்கும். குழந்தைகளுக்குத் துண்டைப் பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும். மேலே பலநிறத்தில் அசித்ரோன் பட்டைகள் வைப்பார்கள்.

ரோஸ்கா வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லி முன்பணம் கட்டுங்கள். ஜனவரி 5 மாலை நேரில் போனால் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

நாட்டுரொட்டி

அசித்ரோன் பற்றி ஒரு திருத்தம். அது பிஸ்நாகா என்ற உருண்டைக் கள்ளியைச் சர்க்கரையில் ஊறவைத்துச் செய்வது. அந்தக் கள்ளி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், மெக்ஸிகோவில் பாதுகாக்கப்பட்ட செடி, அசித்ரோன் விற்பது சட்டவிரோதம். இப்போது பொறுப்பான கடைகள் ஆத்தே என்ற சீமைமாதுளை அல்லது கொய்யாப் பழக்கட்டியைப் பட்டையாக வெட்டி வைக்கின்றன. யாராவது "அசல் அசித்ரோன்" என்று பெருமையாக விற்றால் வாங்காதீர்கள். ஒரு இனிப்புப் பட்டைக்காக அந்தக் கள்ளியை அழிப்பது தகாது.

பான் தெ முயெர்த்தோ வீட்டில் செய்கிறவர்களுக்கு: எலும்பு வழுக்கி விழுந்தால், மொத்த மாவில் நாலில் ஒரு பங்கை எடுத்து அதில் மட்டும் கொஞ்சம் மைதா கூட்டிக் கெட்டியாக்குங்கள். தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். சர்க்கரை தூவுவது ரொட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது, உருக்கிய வெண்ணெய் தடவிய பிறகு. கொதிக்கக் கொதிக்கத் தூவினால் சர்க்கரை கரையும்.

அடுப்புவாசம்

கடைசியாக, வாங்கி வந்ததை வைத்திருப்பது. கொன்ச்சா அன்றைக்கே. ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே வைப்பதைவிட வேகமாக வறண்டுவிடும், ஃபிரீசரில் வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். எடுத்து வெளியில் ஆறவிட்டு 150 டிகிரியில் ஐந்து நிமிடம். மைக்ரோவேவ் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பொலீயோ காகிதப் பையில். ஹூஸ்டன் ஈரக்காற்றில் நாலைந்து மணி நேரத்திலேயே தோல் தளர்ந்துவிடும். மேலே தண்ணீர் தெளித்து 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் சரசரப்பு திரும்பும், ஆனால் ஒரு முறைதான், அடுத்த முறை கல்லாகும். கல்லான பொலீயோவையும் எறிய வேண்டாம். தவக்காலத்தில் கபிரொதாதா செய்வது அதில்தான்: வறுத்த துண்டுகள் மேல் வெல்லப்பாகு, பட்டை, வேர்க்கடலை, திராட்சை, பாலாடைக்கட்டி அடுக்கி சுடுவது.

தோய்த்துச் சாப்பிடச் சாக்லேட்: 90 கிராம் வட்டு ஒன்றுக்குப் பால் ஒரு லிட்டர். மரக் கடைசலான மொலினீயோவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி நுரை எழுப்புவார்கள். நம்ம கீரை மத்து அதே வேலையைச் செய்யும்.

வட்டத்தட்டு

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் போவது, முதலில் ஒரு பொலீயோ, "மன்தேகா தெ ஸேர்தோ" கேள்வி, பிறகு ஒரேஹா. குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம்: "ஸின் மன்தேகா" என்று கேட்டால் போதாதா?

பசுநெய்

போதாது. கொழுப்பே இல்லாததைக் கேட்கிறீர்கள் என்று நினைத்து "அப்படி எதுவும் இல்லை" என்றுவிடுவார்கள். "ஸின் மன்தேகா தெ ஸேர்தோ" என்று முழுதாகச் சொல்லுங்கள்.